பிபிஎஃப் ஒட்டிய காரில் குமிழி, மஞ்சள், கல் தடம்: எதை விட்டுவிடலாம், எதில் கை வைக்க வேண்டும்

பிபிஎஃப், அதாவது கல்லும் கீறலும் படாமல் பெயின்டைக் காக்கக் காரின் மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம், ஒட்டி வந்த காரை முதல் நாள் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வயிறு கலங்கும். அங்கங்கே கொப்புளம், ஓர் ஓரத்தில் பால் படிந்தது போல மங்கல், ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு கோடு. உடனே ஊசியைத் தேடுவோம், இல்லையென்றால் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நகத்தால் விளிம்பைக் கிளப்புவோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். ஊசியால் குத்திய கொப்புளத்தில் இருந்தது வெறும் தண்ணீர், ஒரு வாரம் சும்மா விட்டிருந்தால் அதுவாகவே போயிருக்கும். இப்போது கொப்புளம் இல்லை, ஆனால் குத்திய துளையில் அழுக்கு சேர்ந்து பானெட்டின் நட்டநடுவே ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கிறது, கார் கழுவும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

அதற்குப் பிறகு எந்தக் குறையைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது எந்த அடுக்கில் இருக்கிறது? மேலிருந்து வந்தால், ஃபிலிமின் மெல்லிய மேற்பூச்சு, அதற்குக் கீழே தடித்த பாலியூரித்தேன், அதற்குக் கீழே பசை, அப்புறம் காரின் கிளியர் கோட் (பெயின்டின் மேலேயுள்ள நிறமற்ற பூச்சு), நிறம், பிரைமர் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் அடிப்பூச்சு), கடைசியில் தகடு. ஃபிலிம் சுமார் 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். கம்பெனியிலிருந்து வரும் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் போல. அதாவது மேலே ஒட்டிய தோல் உள்ளே இருக்கும் பெயின்டை விடத் தடிமன். அதனால்தான் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று வெந்நீர் ஊற்றினால் போய்விடும், இன்னொன்று ஃபிலிமைக் கழற்றினால் ஒழியப் போகாது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், கட்டைவிரல் நகம், தண்ணீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து நனைத்த மைக்ரோஃபைபர் துணி, கொஞ்சம் வெந்நீர். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: தட்டுப்பட்டால் குறை மேற்பரப்பில், தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் உள்ளேயோ கீழேயோ.

குமிழி, கொப்புளம்

அதிகம் பயமுறுத்துவது இதுதான், பெரும்பாலும் தானாகச் சரியாவதும் இதுதான். ஆனால் எல்லாக் குமிழியும் ஒன்றில்லை.

தட்டையாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அழுத்தினால் உள்ளே ஏதோ நகர்வது போலத் தெரிந்தால் அது தண்ணீர். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்துத்தான் ஃபிலிமை வழுக்கவிட்டு இடத்தில் பொருத்துகிறார்கள், பிறகு ஸ்க்வீஜி என்ற தண்ணீர் வழிக்கும் ரப்பர் தகட்டால் தள்ளி வெளியேற்றுகிறார்கள். எவ்வளவு தள்ளினாலும் கொஞ்சம் மிஞ்சும். பாலியூரித்தேன் நீராவியை மெல்ல மெல்ல வெளியே விடும் என்பதால் அந்த மிச்சம் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காணாமல் போகும். குளிர் காலமாக இருந்தாலோ கார் எப்போதும் நிழலிலேயே நின்றாலோ இன்னும் கொஞ்சம் ஆகும். செய்ய வேண்டியது காரை வெயிலில் நிறுத்துவது மட்டும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடித்து அவசரப்படுத்தினால் தண்ணீர் ஓரிடத்தில் ஆவியாகி ஃபிலிமையே தூக்கிவிடும், மேற்பூச்சும் கருகும்.

உருண்டையாக, அழுத்தினால் அமுங்கி விட்டவுடன் மேலெழுந்தால் காற்று. வெயிலில் பெரிதாகி மாலையில் சுருங்குவதும் காற்றின் அடையாளம்தான். இது தானாகப் போவது அரிது, சின்னதாக இருந்தால் மட்டும் சில சமயம் அடங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் அப்படியே நின்றால் இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிய ஊசியை எடுத்து, குமிழியின் உச்சியில் இல்லாமல் ஓரத்தில், ஃபிலிமோடு படுத்த நிலையில் சாய்த்து ஒரே ஒரு துளை போடுங்கள். நேராகக் குத்தினால் முனை கிளியர் கோட்டில் போய் நிற்கும். எதிர் ஓரத்திலிருந்து கட்டைவிரலால் துளையை நோக்கித் தள்ளினால் காற்று வெளியேறிவிடும். துளையை மேலும் கிள்ளிக்கொண்டிருக்காதீர்கள்.

நடுவில் கெட்டியாக ஒரு மணி, அதைச் சுற்றிக் கூடாரம் போலத் தூக்கல்: தூசி. அல்லது துணி நூல், சில நேரம் ஒட்டியவரின் முடி. இது எத்தனை மாதம் ஆனாலும் போகாது. ஒரு பேனலில் ஒன்றிரண்டு இருந்து, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தூசியே இல்லாமல் ஒட்டுவது நடக்காத காரியம், அதற்காகக் கழற்றி மறுபடி ஒட்டினால் புதிதாக வேறு இரண்டு வரும். ஆனால் கைப்பிடி மணலைத் தூவியது போல இருந்தால் கழுவலும் துடைப்பும் ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள், அந்த பேனலைத் திரும்ப ஒட்டித் தரச் சொல்வதில் தயங்க வேண்டியதில்லை.

நான்காவது வகையைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒட்டியபோது கண்ணாடி மாதிரி இருந்தது, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்புகின்றன, அதுவும் ஒரே ஒரு பேனலில் மட்டும். அந்த பேனல் எப்போதாவது மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். கார் தயாரிக்கும் இடத்தில் பெயின்டை ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள், வெளியே வரும்போதே அது முழுக்க இறுகியிருக்கும். பட்டறையில் 60 டிகிரியைச் சுற்றித்தான் சூடு கொடுக்க முடியும், பிளாஸ்டிக்கும் ஒயரும் காரோடு இருக்கின்றனவே. அந்தப் பெயின்ட் வாரக்கணக்கில் கரைப்பானை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே ஃபிலிமை ஒட்டினால் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. இதை ஊசியால் குத்திப் பயனில்லை, அடுத்த வாரம் வேறு இடத்தில் கிளம்பும். ஃபிலிமைக் கழற்றி, பெயின்ட் அடித்தவர் சொல்லும் காலம் வரை, குறைந்தது ஒரு மாதமாவது, திறந்து விட வேண்டும்.

மங்கல், கோடு, விரல் தடம் போன்றவை

பால் நிற மங்கல் என்றால் ஈரம், மேலே சொன்னபடி காத்திருங்கள். நத்தை ஊர்ந்த தடம் போல ஒரு வளைந்த கோடு தெரிந்தால், ஒட்டும்போது ஒரு தடவை தூக்கித் திரும்ப வைத்திருக்கிறார்கள், பசை அங்கே கலைந்திருக்கிறது. இதில் பாதி இரண்டு மாத வெயிலில் மங்கிவிடும், அதற்கு மேலும் இருப்பது இருக்கும். பம்பரின் முனை வளைவில் நெருக்கமாக இணைகோடுகள் இருந்தால் ஃபிலிமை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். அது ஆறாது. அதோடு, இழுபட்ட ஃபிலிம் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் பக்கத்து விளிம்புகள் முதலில் தூக்குவதும் அங்கேதான்.

விளிம்பு தூக்குகிறது

எவ்வளவு நாளாகத் தூக்குகிறது என்பதை வைத்துத்தான் வைத்தியம். நேற்று இன்று தூக்கியது, அடியில் பசை இன்னும் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது என்றால் ஆல்கஹால் கலவையால் பெயின்டைத் துடைத்துக் காயவிட்டு, ஃபிலிமைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் சூடாக்கி, உள்ளிருந்து வெளியே விரலால் அழுத்தி ஓரிரு நிமிடம் பிடித்திருங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. முக்கால்வாசி ஒட்டிக்கொள்ளும்.

பசையில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தால் மெனக்கெடாதீர்கள், ஒட்டாது. சூப்பர் குளூ வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது கிளியர் கோட்டைக் கடித்துவிடும். தூக்கிய பகுதியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டி எடுப்பதுதான் சுத்தமான வழி. காரின் மேல் வைத்து பிளேடால் அல்ல. விளிம்பை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால், மூலை வந்தால் கூர்மையாக விடாமல் வளைவாக. கூர்மையான மூலை எப்போதும் முதலில் கிளம்பும், சட்டைப்பை மூலை பிரிவது மாதிரிதான்.

ஒட்டி வைத்தது மறுபடி மறுபடி தூக்கினால் மூன்று காரணம்தான் அநேகமாக. இழுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டும் முன் அந்த ஓரத்தில் வாக்ஸ் இருந்திருக்கிறது, அல்லது நீங்கள் கழுவும் விதம் சரியில்லை. பிரஷர் வாஷர் முனையை 30 சென்டிமீட்டருக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் ஃபிலிமின் நடுவிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும், விளிம்புக்கு எதிராகப் பாய்ந்து அடியில் புகக்கூடாது. புதிதாக ஒட்டியிருந்தால் முதல் ஒரு வாரம் கழுவவே வேண்டாம்.

விளிம்பில் கறுப்புக் கோடு மட்டும்தான், தூக்கவில்லை என்றால் அது வெளியே தெரியும் பசையில் சாலை அழுக்கு ஒட்டியது. ஷாம்பு நீரில் நனைத்த மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும், வெட்டு முனையின் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்கே அல்ல.

மஞ்சளாகிறது

வெள்ளைக் காரில்தான் இது அதிகம் உறுத்தும். மறுபடி அதே கேள்வி, எந்த அடுக்கு? ஓர் உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஷாம்பு, பிறகு ஆல்கஹால் கலவை, கடைசியாகத் தார் நீக்கியைத் துணியில் தொட்டுத் துடைத்து உடனே கழுவுங்கள். துணியில் பழுப்பு நிறம் வந்து, துடைத்த இடம் சுற்றுப்புறத்தை விட வெளுத்துத் தெரிந்தால் மஞ்சள் வெளியில் இருக்கிறது: தார், பிரேக் தூசி, பூச்சிக் கறை, மரப்பிசின். சந்தோஷப்படுங்கள், முழு காரையும் இப்படித் துடைத்தால் ஆயிற்று.

எதுவும் மாறவில்லை என்றால் ஃபிலிமோ பசையோ நிறம் மாறியிருக்கிறது, எந்தத் திரவமும் அதைத் திருப்பாது. பாலியூரித்தேனிலேயே இரண்டு குடும்பம் உண்டு, அரோமாட்டிக், அலிஃபாட்டிக் என்று. முதல் வகை புற ஊதாக் கதிரில் சீக்கிரம் மஞ்சளாகும், இரண்டாவது தாக்குப்பிடிக்கும். இதைவிட மோசம் பிவிசி தாளைப் பிபிஎஃப் என்று பெயர் சொல்லி ஒட்டிவிடுவது. அது மஞ்சளாவதோடு நாளாக ஆக விறைத்து, கழற்றும்போது முறுக்கு மாதிரி நொறுங்கும். மிச்சத் துண்டு கையில் இருந்தால் இழுத்துப் பாருங்கள், நல்ல யூரித்தேன் ரப்பர் போல நீண்டு மெல்லத் திரும்பி வரும். மஞ்சளான ஃபிலிமை "இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்" என்று தள்ளிப்போடுவது நல்லதில்லை. முதுமை ஏற ஏறக் கழற்றுவது கடினமாகிக்கொண்டே போகும்.

கல் பட்ட தடம்

இதற்காகத்தானே ஒட்டியது, எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கையில் முன்விளிம்பை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டிய யூரித்தேன் பட்டைதான் பின்னால் காருக்கு வந்தது. அது செய்வது கவசம் மாதிரி கல்லைத் தடுப்பது அல்ல. ரப்பர் போல அமுங்கி அடியைப் பரப்பி வாங்கிக்கொள்வது. அதனால் கல் பட்டால் தடம் விழும், விழத்தான் வேண்டும். அந்தத் தடம் எங்கே நின்றது என்பதுதான் விஷயம்.

வெள்ளையாக ஒரு சின்னப் பள்ளம், நகம் லேசாகத் தட்டுகிறது, ஓரம் கிழியவில்லை: அடி ஃபிலிமோடு நின்றுவிட்டது. வெந்நீரை, கை வைத்தால் வெடுக்கென்று எடுக்கத் தோன்றும் சூட்டில், கொதிக்கக் கொதிக்க அல்ல, அந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை ஊற்றினால் வெளுப்பு மங்கிப் பள்ளம் மேலெழுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். முழுதாகப் போகாவிட்டாலும் கவலையில்லை.

தோல் உரிந்தது போல ஒரு நாக்கு தொங்குகிறது, அல்லது துளை விழுந்திருக்கிறது: ஃபிலிம் உயிரைக் கொடுத்துப் பெயின்டைக் காப்பாற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துளைக்குள் காரின் நிறம் முழுதாகப் பளபளத்தால் காப்பாற்றிவிட்டது. தொங்கும் துண்டைக் கத்தரித்துவிட்டு அப்படியே ஓட்டலாம், துளைகள் அதிகமானதும் அந்த ஒரு பேனலுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். துளைக்குள் சாம்பல் நிறப் பிரைமரோ பளிச்சென்ற உலோகமோ தெரிந்தால் அடி கீழே இறங்கிவிட்டது. இரும்புத் தகடாக இருந்தால் இதைத் தள்ளிப்போடக்கூடாது. துளை வழியாகப் போன தண்ணீர் ஃபிலிமுக்கு அடியில் தங்கி நிதானமாகத் துருவை வளர்க்கும், மேலிருந்து பார்த்தால் ஒரு பழுப்புப் புள்ளிதான் தெரியும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது குழப்பமானது. ஃபிலிமின் மேல் நகம் எங்கேயும் தட்டவில்லை, வழவழவென்று இருக்கிறது, ஆனால் உள்ளே வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி. "ஃபிலிம் கிழியாமலே பெயின்ட் எப்படிப் போகும்?" என்று நானும் நம்பாமல்தான் இருந்தேன். போகும். ஃபிலிம் வளைந்து கொடுக்கும், பெயின்ட் வளையாது, கனமான கல் வேகமாக அடித்தால் மேல்தோல் அமுங்கி மீண்டுவிட, கீழே இருக்கும் பெயின்ட் விரிசல் விட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நான்கு மடங்கு, லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேலிருந்து செய்ய எதுவும் இல்லை, சின்னக் காயத்தை மூடத் தொட்டு வைக்கும் டச்சப் பெயின்டை ஊசி வழியாக விடலாமா என்று யோசிக்கவும் வேண்டாம். ஃபிலிம் மூடியே இருப்பதால் தண்ணீர் சுலபமாகப் போகாது. மாதம் ஒருமுறை பாருங்கள், புள்ளி பெரிதாகவில்லை என்றால் ஃபிலிம் மாற்றும் நாள் வரை காத்திருக்கலாம்.

ஒட்டிய அன்றே இப்படிப் புள்ளிகள் தெரிந்தால் அவை பழைய கல் தடங்கள், ஃபிலிம் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே பாலம் போட்டு நிற்கிறது. பிபிஎஃப் பழைய காயத்தை மறைக்காது, கண்ணாடி போட்டுக் காட்டும். ஒட்டும் முன்பே டச்சப் செய்து நன்றாகக் காயவிட்டிருக்க வேண்டும்.

அப்புறம், முன்பக்கம் முழுக்க ஒட்டியாயிற்று, ஆனால் கல் தடம் வந்துகொண்டே இருக்கிறது என்பவர்கள் குனிந்து பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, முன் சக்கரத்துக்குப் பின்புறம், பின் சக்கர வளைவின் முன்முகம். அங்கே அடிப்பது முன்னால் போகும் வண்டி இல்லை, உங்கள் டயரேதான். அந்த இடங்களில் ஃபிலிமும் ஒரு மட் ஃபிளாப்பும் போதும். செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள். அது ஓரிரு மைக்ரான் பூச்சு, கழுவச் சுலபமாக்கும், கல்லுக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

கீறல் ஆறுவதில்லை

ஃபிலிமில் விழும் கீறல் தானாக ஆறும் என்று சொல்லித்தானே ஒட்டினார்கள் என்ற புகார். ஆறுவது மேற்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல் மட்டும், அதுவும் சூடு பட்டால்தான். வெந்நீர் ஊற்றியும் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தியும் அசையாத கீறலில் நகம் மாட்டினால் அது மேற்பூச்சைத் தாண்டிவிட்டது. சுழல் சுழலான மென்கீறல்கூட ஆறவில்லை என்றால் ஒட்டியது ஆறும் வகையே இல்லை. இரண்டுக்கும் காம்பவுண்டு என்ற அராவும் பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்ப்பது விடையல்ல, இருக்கும் மேற்பூச்சையும் அது தின்றுவிடும். பளபளப்பில்லாத மேட் ஃபிலிமாக இருந்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிரந்தரமாகக் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர்க் கறை, பறவை எச்சம்

உப்புத் தண்ணீர் காய்ந்த வட்டங்களுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒன்றிரண்டு நிமிடம் நனைத்து வைத்துக் கழுவிவிடுங்கள். எச்சத்தை ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். எடுத்த பிறகும் தடம் இருந்தால் வெந்நீர்.

பார்க்கிங் சென்சார் காரணமில்லாமல் கத்துகிறது

ஃபிலிம் ஒட்டிய நாளிலிருந்து என்றால், பம்பரில் சென்சாரின் வட்ட முகத்தின் மேலும் ஃபிலிம் போயிருக்கிறதா, அல்லது சுற்றி வெட்டிய விளிம்பு அதன் மேல் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் முகம் திறந்திருக்க வேண்டும்.

கழற்றும்போது வரும் தொல்லைகள்

துண்டு துண்டாகக் கிழிகிறதா, சூடு போதவில்லை அல்லது செங்குத்தாக இழுக்கிறீர்கள். பேனலைக் கை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடாக்கி, ஃபிலிமை அதன் மேலேயே மடித்துத் தாழ்வான கோணத்தில் மெதுவாக, ஓர் அங்குலத்துக்கு இரண்டு மூன்று நொடி என்ற கணக்கில் உரியுங்கள். ஃபிலிம் வந்து பசை மட்டும் பெயின்டில் தங்கிவிட்டால் பிளேடைத் தொடாதீர்கள். பசை நீக்கியைத் தெளித்து ஊறவிட்டு, ரப்பராகத் திரளும்போது துணியால் உருட்டி எடுங்கள், பொறுமைக்குச் சோதனைதான். ஃபிலிமோடு பெயின்டே பெயர்ந்து வர ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். கம்பெனி பெயின்ட் இப்படி வருவது அபூர்வம், அநேகமாக அது பட்டறையில் ஒழுங்காகத் தேய்க்காமல் மேலே அடித்த பெயின்டாக இருக்கும். மீதியைப் பெயின்ட் வேலை தெரிந்தவர் முன்னிலையில் கழற்றுவது நல்லது, எப்படியும் அவர்தான் சரிசெய்ய வேண்டிவரும்.

எல்லாம் கழற்றிக் கழுவிய பிறகு, பேனலின் ஓரங்களில், சின்னங்களைச் சுற்றி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். முடி போல ஒரு நேர்கோடு ஓடினால் அது பசையில்லை, ஒட்டியவர் காரின் மேலேயே வைத்து அறுத்த பிளேடின் தடம். நகம் தட்டாவிட்டால் பாலிஷில் போகும். தட்டினால் கிளியர் கோட் அறுந்திருக்கிறது, அடுத்த ஃபிலிம் ஒட்டும் முன் அதைச் சரிசெய்து கொள்ளுங்கள். இந்த முறை காரின் அளவுக்குக் கணினியில் முன்பே வெட்டிய ஃபிலிமா, காரின் மேல் வைத்து வெட்டுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.